தூக்கத்தை விலைக்கு வாங்கிய வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டுவது மாதிரி கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு இப்போதுதான் அறைக்கு வந்தவர்கள் முதலில் தூங்குங்கள். பதிவு எங்கேயும் போகாது.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தோரு வருஷம் வரலாறு நடத்தியவன். ஆனாலும் இன்று தூக்க மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது, அதில் என் தப்பும் இருக்கிறது.

உங்களில் பலருக்குத் தெரியும், 2021-ல் உங்கள் டீச்சரம்மா தவறிப்போனார். அதன்பிறகு எனக்கு ராத்திரி என்பதே இல்லாமல் போயிற்று. டாக்டர் அல்பிரசோலம் 0.25 எழுதிக் கொடுத்து, "ரெண்டு வாரம் போடுங்க சார், அப்புறம் வந்து பாருங்க" என்றார். நான் திரும்பப் போகவே இல்லை. அந்தப் பழைய சீட்டை வைத்துக்கொண்டே மூன்று வருஷம் வாங்கிப் போட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியாது. மாத்திரை அட்டையை கண்ணாடி டப்பாவுக்குள் வைத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. ஆனால் வரைபடத்தில் இடம் குறிக்கச் சொன்னால் ஒரு புள்ளி தப்பாது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. "சார், பகல்ல படுத்தா தகரக் கூரை சுடுது, பக்கத்து ரூம்ல டிவி ஓடுது, கண்ணை மூடினா மெஷின் சத்தம் கேக்குது. தூக்கமே இல்ல சார்" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் என் டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். "நான் தினமும் போடறேன்டா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். வாத்தியார் கொடுத்தால் பிரசாதம் மாதிரிதானே வாங்குவான்!

மீதியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

தூக்கம் வராதவன் கதை பழசு. நம் பாட்டிமார் ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கலந்து குழந்தைக்குக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்குக் கசகசாப் பால். சர்ப்பகந்தி வேரை பிகாரில் 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே அழைத்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தது. நம் வேர், அவர்கள் மாத்திரை. இதையும் வரலாற்றில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு வழியில் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே புரோமைடு உப்பு கொடுத்தார்கள். 1869-ல் பெர்லினில் ஆஸ்கார் லீப்ரைக் குளோரல் ஹைட்ரேட்டைத் தூக்க மருந்தாகக் கொண்டுவந்தார். 1903-ல் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபான் மேரிங்கும் வெரோனால் என்ற மருந்தை வெளியிட்டார்கள். பார்பிட்யூரேட் என்ற பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1912-ல் வந்த ஃபீனோபார்பிட்டல், வலிப்பு நோய்க்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் உண்டு. கார்டினால் மாத்திரை என்றால் பலருக்குப் புரியும்.

பார்பிட்யூரேட் தூக்கம் தந்தது, உயிரையும் எடுத்தது. தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நடிகை மர்லின் மன்றோ 1962-ல் இறந்தது இந்தக் குடும்பத்து மருந்தால்தான். ஒரு மாத்திரை போட்டோமா இல்லையா என்ற மயக்கத்தில் இன்னொன்று போட்டு மறுநாள் எழாமல் போனவர்கள் எத்தனையோ பேர். 'பாதுகாப்பான தூக்க மருந்து' என்று 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு அதைவிடக் கொடுமை. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். 1961 கடைசியில்தான் அங்கே அதை நிறுத்தினார்கள்.

இந்த நேரத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். லியோ ஸ்டெர்ன்பாக். 1908-ல் பிறந்த யூதர். போலந்தின் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இளவயதில் அங்கே சாயப் பொருள்களுக்காகச் சில ரசாயனங்களைச் செய்து பார்த்திருந்தார். பிறகு சுவிட்சர்லாந்தில் ரோஷ் கம்பெனியில் சேர்ந்தார். 1941-ல், ஹிட்லர் காலத்தில், அந்தக் கம்பெனியே அவரை அமெரிக்காவில் நியூஜெர்சிக்கு அனுப்பியது. 1950-களில் மனதை அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றைத் தேடச் சொன்னபோது, பழைய கிராக்கோவ் நோட்டுப் பாடத்துக்குத் திரும்பினார். சுமார் 40 பொருள்கள் செய்தார். ஒன்றும் வேலை செய்யவில்லை. கடைசியாகச் செய்த ஒன்றைச் சோதனைக்கு அனுப்பாமலே அலமாரியில் வைத்துவிட்டார்.

1957-ல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்தார்கள். மேசையில் கிடந்த புட்டிகளைத் தூக்கிப் போடும்போது, உடன் வேலை பார்த்த எர்ல் ரீடர், "இதில் நல்ல படிகம் இருக்கிறதே, சோதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அனுப்பினார்கள். விலங்குகள் சாந்தமாயின, ஆனால் மயங்கி விழவில்லை. அதுதான் குளோர்டயாசெபாக்சைடு. 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் வந்தது. 1963-ல் டயாசெபாம், அதாவது வேலியம். 1965-ல் தூக்கத்துக்கென்றே நைட்ராசெபாம். வீட்டைச் சுத்தம் செய்யும்போது தொலைந்த கம்மல் கிடைப்பது மாதிரி கிடைத்த இந்தக் குடும்பத்துக்குப் பெயர் பென்சோடயாசெபின். 1978-ல் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கும் மேல் வேலியம் மாத்திரைகள் விற்றன. இந்தியாவில் 1960-களின் கடைசியில் ரான்பாக்ஸி கம்பெனி டயாசெபாமை காம்போஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. உங்கள் தாத்தா பாட்டி வீட்டு மருந்து டப்பாவில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்து மூளையில் எப்படி வேலை செய்கிறது என்று விற்ற கம்பெனிக்கே பதினைந்து வருஷம் தெரியாது.

விடை காபா என்ற பொருளில் இருந்தது. அது மூளையில் இருப்பதை 1950-ல் கண்டுபிடித்தார்கள். மூளை நரம்புகளில் சில பொருள்கள் 'ஓடு, ஓடு' என்கும். காபா 'நில், நில்' என்கும். 1970-களின் நடுவில் பென்சோடயாசெபினின் கூட்டாளி இந்தக் காபாதான் என்று தெரிந்தது. 1977-ல் டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் தனித்தனியாக, மாத்திரை போய் ஒட்டும் இடத்தையே மூளையில் கண்டுபிடித்தார்கள்.

இதை நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். கம்பெனி கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நரம்பு அணுவின் சுவரிலும் அப்படிப்பட்ட கேட்டுகள் உண்டு. காபாதான் ஐடி கார்டு. கார்டு காட்டினால் கேட் திறக்கும். குளோரைடு என்ற அயனிகள் உள்ளே நுழையும். அவை நுழைந்தால் அந்த நரம்பு அடங்கும், சட்டென்று செய்தி அனுப்பாது. லட்சக்கணக்கான நரம்புகள் இப்படி அடங்கும்போது பதற்றம் குறைகிறது, தசை தளர்கிறது, கண் சொக்குகிறது.

பென்சோடயாசெபின் கார்டு இல்லை. அதனால் தனியாகக் கேட்டைத் திறக்க முடியாது. கேட்டின் பக்கத்தில் வேறொரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, கீலுக்கு எண்ணெய் விட்ட மாதிரி செய்கிறது. அதே கார்டுக்குக் கேட் அடிக்கடி திறக்கிறது. பழைய பார்பிட்யூரேட் அப்படி இல்லை. கேட்டை நெடுநேரம் திறந்தே வைக்கும். அளவு கூடினால் கார்டே இல்லாமல் திறந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம்தான் பென்சோடயாசெபினைத் தனியாகப் போடும்போது ஓரளவு பாதுகாப்பாக வைத்தது. கூடவே சாராயமோ, மார்ஃபின் வகை வலி மருந்தோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. மூச்சு அடங்கிவிடும். டாஸ்மாக் பக்கம் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

சரி, தூக்கம் வருகிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். மூன்று பிரச்சினை.

ஒன்று, தூக்கத்தின் தரம். மாத்திரை போட்டால் சீக்கிரம் தூங்குவோம், நடுவில் விழிப்பது குறையும். ஆனால் உடம்பைச் சீர் செய்யும் ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. மணிக்கணக்கு சரியாக இருக்கும். காலையில் எழுந்தால் தூங்கின மாதிரியே இருக்காது.

இரண்டு, மாத்திரை உடம்பில் தங்கும் நேரம். நைட்ராசெபாம் போட்டால் ஒரு நாள் கழித்தும் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் இருக்கும். டயாசெபாம் அதைவிட நீண்ட நேரம் தங்கும். அந்த மந்தத்தோடு பிரஸ் மெஷின் முன்னால் நிற்பதையும், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக் ஓட்டுவதையும் நினைத்துப் பாருங்கள். என் வயதுக்காரர்களுக்கு வேறு ஆபத்து. ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது.

மூன்றாவதுதான் பெரியது. மூளை ஏமாளி இல்லை. தினமும் வெளியிலிருந்து எண்ணெய் விட்டால், 'சரி, அவன் பார்த்துக்கொள்வான்' என்று கேட்டை அது தானே இறுக்கிக்கொள்கிறது. சில வாரங்களில் அதே அளவு மாத்திரைக்குப் பழைய தூக்கம் வராது. அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். திடீரென்று நிறுத்தினால் எண்ணெயும் இல்லை, கேட்டும் இறுகிக் கிடக்கிறது. முன்னைவிட மோசமான தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, பயம், சிலருக்கு வலிப்பு. 'பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால தூங்கவே முடியல' என்று மனிதன் நினைக்கிறான். உண்மையில் அது நோய் திரும்பியதாக மட்டும் இருக்காது, பெரும்பாலும் மாத்திரை விலகும் வலி. இந்த இடத்தில்தான் நானே மூன்று வருஷம் ஏமாந்தேன்.

உலகம் இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 1979-ல் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி தலைமையில் இதைப் பற்றி விசாரணை நடந்தது. 1988-ல் பிரிட்டன், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. என் டாக்டர் 'ரெண்டு வாரம்' என்று சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருந்திருக்கிறது! இந்தியாவில் இந்த மருந்துகள் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வருகின்றன. 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற பட்டியல் அமலுக்கு வந்தது. அல்பிரசோலம், டயாசெபாம், நைட்ராசெபாம் எல்லாம் அதில் உண்டு. மருந்துக் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். அடுத்த முறை பாருங்கள்.

வேறொரு மாநிலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தெலங்கானாவில் கள்ளில் முதலில் குளோரல் ஹைட்ரேட்டையும் பிறகு டயாசெபாம், அல்பிரசோலத்தையும் கலந்து விற்கும் கொடுமை பல காலமாக உண்டு. குடிப்பவருக்கு தான் என்ன குடிக்கிறோம் என்றே தெரியாது. 2015-ல் அரசு பிடியை இறுக்கியதும் கலப்படக் கள் கிடைக்காமல் போயிற்று. நிஜாமாபாத் பக்கமெல்லாம் ஜனங்கள் நடுங்கிக்கொண்டும் பிதற்றிக்கொண்டும் வலிப்போடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மாத்திரை என்று தெரிந்து ஒன்றுகூட வாங்காதவர்கள் அவர்கள். பழக்கம் மனபலம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, கேட் சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர், ஏரி, நெல். 1991-க்குப் பிறகு ராஜீவ் நினைவிடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பெண்கள் ராத்திரியில் ஆலை வேலை பார்க்கக் கூடாது என்ற 1948 சட்டத்துப் பிரிவை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. என் மாணவிகளும் ராத்திரி பஸ் ஏறினார்கள். நல்ல சம்பளம், சொந்தக் காசு, தங்கச்சி படிப்பு. இதையெல்லாம் நான் குறை சொல்லவே மாட்டேன். கழனி வேலையைவிட உங்களுக்கு இது நல்லது என்று சொல்லி அனுப்பியவனே நான்தான்.

ஆனால் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் அரிசிமணியைவிடச் சின்ன இடம். அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மணி வைக்கும். அந்தக் கடிகாரம் அணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நைட் ஷிப்ட் பிள்ளை காலை ஏழு மணி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தக் கடிகாரம் 'விடிஞ்சாச்சு, எழுந்திரு' என்கிறது. மாத்திரை நரம்பை அடக்கும். கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. அடுத்த வாரம் ஷிப்ட் மாறினால் மறுபடி முதலிலிருந்து. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய காலம் முதல் நம் தொழிலாளிகள் வேலை நேரத்துக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். தூக்க நேரத்துக்கான போராட்டத்தை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியே, மாத்திரை அட்டையோடு நடத்துகிறார்கள்.

இப்போது அவன் கதைக்கு வருகிறேன்.

நான் கொடுத்த அட்டை பத்து நாளில் தீர்ந்தது. பிறகு அவனே வாங்கினான். ஒரு கடையில் கேட்டால் தராவிட்டால் இன்னொரு கடை. ஒன்றரை வருஷத்தில் தினமும் 1 மில்லிகிராமுக்கு வந்துவிட்டான். போன வருஷம் தன் ஊர்ப் பக்கம் உள்ள மருந்துக் கடையில் போய்க் கேட்டிருக்கிறான். அந்தக் கடை வைத்திருப்பவளும் என் மாணவிதான். "சீட்டு இல்லாம தர மாட்டேன்ணா, டாக்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் செய்தது சரி. இவனுக்கு ரோஷம். "இனிமே மாத்திரையே வேணாம்" என்று அன்றே நிறுத்திவிட்டான். மூன்றாம் நாள் வேலை முடிந்து அறைக்கு வந்தவனுக்கு வலிப்பு வந்தது. உடன் தங்கியிருந்த பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் போகும்போது வந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "யார் முதல்ல குடுத்தது?" என்று கேட்டாராம். அவன் கடைசி வரை என் பெயரைச் சொல்லவில்லை. பார்க்கப் போனபோது அவன் அம்மா எனக்கு காபி போட்டுக் கொடுத்தார். அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை. அன்றே அவரிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க நல்லதுக்குத்தான் சார் குடுத்திருப்பீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நானும் டாக்டரிடம் போனேன். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான். நிறுத்தவில்லை, சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. முதல் இரண்டு மாதம் நரகம், பொய் சொல்ல மாட்டேன். இப்போது இல்லாமல் தூங்குகிறேன். சில நாள் மூன்று மணிக்கே விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து பழைய புத்தகம் படிக்கிறேன். அவனுக்கு இன்னும் கால் மாத்திரை பாக்கி இருக்கிறது. எழுதலாமா என்று கேட்டேன். "பேர் மட்டும் போடாதீங்க சார், எழுதுங்க" என்றான்.

வீட்டுப்பாடம் சின்னது. இப்போது மாத்திரை போடுகிறவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கொடுத்த டாக்டரிடமே போய் எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரையை அன்பினால்கூட இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். நைட் ஷிப்ட் பிள்ளைகள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் டீ வேண்டாம். படுக்கையில் போன் வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல், பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையைத்தான் இன்று டாக்டர்கள் முதலில் சொல்கிறார்கள். மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, காசு கிடையாது. கம்பெனியில் பேசும் இடத்தில் இருக்கும் என் மாணவர்கள் ஒன்று கேளுங்கள்: ஷிப்ட் மாற்றும்போது காலை, மதியம், ராத்திரி என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஓரளவு பழகும், பின்னோக்கி மாற்றினால் கஷ்டம். இதற்குச் செலவே கிடையாது.

ராத்திரியில் உங்கள் கம்பெனி பஸ்கள் எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போகும்போது நான் பெரும்பாலும் விழித்துத்தான் இருக்கிறேன். உள்ளே விளக்கு எரியும். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவீர்கள். வகுப்பில் தூங்கினதற்கு உங்களில் எத்தனை பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்! அதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றாகத் தூங்குங்கள், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்